முதல் ஆபீஸ் கம்ப்யூட்டர் கேக் கணக்குப் பார்த்த கதை

உலகத்திலேயே முதன்முதலாக ஆபீஸ் வேலைக்கு, அதாவது அன்றாட வியாபாரக் கணக்குக்கு, கம்ப்யூட்டரை வழக்கமாகப் பயன்படுத்திய கம்பெனி எது? வங்கி நண்பர்களிடம் கேட்டால் "ஏதாவது அமெரிக்க பேங்க்கா இருக்கும்" என்பார்கள். இன்னும் சிலர் இன்ஷூரன்ஸ் என்பார்கள். ரெண்டும் இல்லை. லண்டனில் ரொட்டியும் கேக்கும் சுட்டு, டீக்கடை நடத்தி வந்த ஜே. லையன்ஸ் அண்ட் கம்பெனி.

இப்போது எங்கே பார்த்தாலும் உணவுத் தொழிற்சாலையில் ஏஐ வந்துவிட்டது, ரோபோ வந்துவிட்டது என்ற பேச்சு. பிஸ்கெட் ஃபாக்டரியில் ரோபோ கை, அரிசி ஆலையில் ஏஐ கேமரா. படிக்கிறவர்களுக்கு இது நேற்று முளைத்த சமாசாரம் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரும் அடுப்பங்கரையும் சம்பந்தம் செய்துகொண்டு எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம். காரணம், இதில் முதல் வெற்றி இன்ஜினீயரிங் கணக்கில் வரவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் வந்தது :)

லையன்ஸ் 1887-ல் தொடங்கிய கம்பெனி. 1894-ல் லண்டன் பிக்கடில்லியில் முதல் டீக்கடையைத் திறந்தார்கள். டீக்கடை என்றதும் பெஞ்சு போட்டு பாய்லர் வைத்த கடையை நினைக்க வேண்டாம். நம் சரவண பவன் மாதிரி, சுத்தமான, குடும்பத்தோடு போகக்கூடிய, நடுத்தர வர்க்கத்துக்கான இடம். அந்த மாதிரி இருநூறு கடைகளுக்கு மேல். கூடவே ரொட்டி, கேக், பை, ஐஸ்கிரீம், டீத்தூள் என்று உற்பத்தி. லண்டன் ஹாமர்ஸ்மித்தில் கேட்பி ஹால் என்ற பிரம்மாண்ட வளாகத்தில் பேக்கரிகள். அங்கிருந்துதான் வண்டி வண்டியாகக் கடைகளுக்குச் சரக்குப் போகும்.

இந்த வியாபாரத்தின் கணக்கை யோசித்துப் பாருங்கள். ஒரு கப் டீயிலும் ஒரு பன்னிலும் எவ்வளவு லாபம் நிற்கும்? சில்லறை. அந்தச் சில்லறையை லட்சக்கணக்கான தடவை சேர்த்தால்தான் கம்பெனி நிற்கும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பில், ஒரு பதிவு, ஒரு கூட்டல். லாபம் பைசாவில், ஆனால் அதை எழுதும் குமாஸ்தாவின் சம்பளம் முழு நோட்டில். வங்கியில் சேமிப்புக் கணக்கு கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

இதை லையன்ஸில் சரியாகப் பிடித்துக்கொண்டவர் ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு 1923-ல் அங்கே சேர்ந்தவர். எழுத்து வேலையை எப்படிக் குறைப்பது, எந்த ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள், யாருமே படிக்காத ரிப்போர்ட்டை ஏன் தயாரிக்கிறோம் என்று ஆராய்வதற்கென்றே 1930-களில் கம்பெனிக்குள் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். (இந்தக் கடைசிக் கேள்வியை இன்றைக்கும் எந்த ஆபீஸிலும் கேட்டால் கெட்ட பெயர்தான் வாங்க வேண்டும்.) ஆக, கம்ப்யூட்டர் என்ற பொருள் உலகில் வருவதற்கு முன்னாலேயே அதற்கான பாயை விரித்து வைத்திருந்தார்கள்.

போர் முடிந்தது. 1947-ல் தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் நடைமுறையில் அங்கே என்ன புதுசு என்று பார்த்து வரத்தான். அங்கே ஆபீஸ்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். எனியாக் கம்ப்யூட்டரோடு சம்பந்தப்பட்டவர். இந்த யந்திரத்தை பீரங்கிக் குண்டு கணக்குக்கு இல்லாமல் ரொட்டிக் கணக்குக்குப் பயன்படுத்த முடியுமா என்று இவர்கள் கேட்க, அவருக்கு அந்த யோசனை பிடித்துப் போனது. உங்கள் ஊரிலேயே கேம்பிரிட்ஜில் ஒருவர் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒருவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் கட்டிய யந்திரம் எட்சாக்.

லையன்ஸ் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுண்ட் பணமும், கம்பெனி ஆள் ஒருவரையும் கொடுத்து, எட்சாக்கைச் சீக்கிரம் முடியுங்கள், ஓடினால் அதே மாதிரி ஒன்றை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 1949 மே 6-ம் தேதி எட்சாக் ஓடியது. பேக்கரி கம்பெனி தனக்கென்று கம்ப்யூட்டர் கட்டத் தொடங்கியது. இன்ஜினீயராக ஜான் பிங்கர்டன் வந்தார். பெயர், லையன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ். சுருக்கமாக லியோ.

சுமார் ஆறாயிரம் வால்வுகள். பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்த வால்வு. நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒரு முனையில் ஒலித்துடிப்பாக எண்ணை அனுப்பினால் மறுமுனைக்கு வந்துசேரும், அதைப் பிடித்துத் திரும்பவும் முதல் முனைக்கு அனுப்புவார்கள். சுற்றிக்கொண்டே இருக்கும்வரை ஞாபகம். மொத்தம் 2,048 சொற்கள் கொள்ளும். இன்று நம் கையில் இருக்கும் மலிவான போனில் ஒரு போட்டோவுக்குக்கூட இந்த இடம் போதாது.

முதல் வேலையாக எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? சம்பளக் கணக்கு இல்லை. அதற்கு நிறையத் தகவலை உள்ளே போட்டு நிறைய வெளியே எடுக்க வேண்டும், அதற்கான சாதனங்கள் இன்னும் சரியாக அமையவில்லை. குறைந்த தகவலில் நிறையப் பெருக்கல் உள்ள வேலையாக ஒன்றைத் தேடினார்கள். அதுதான் பேக்கரி வேல்யுவேஷன். அந்த வாரம் எத்தனை ரொட்டி, எத்தனை கேக், எத்தனை பை உற்பத்தி ஆயிற்று, அவற்றுக்கு மூலப்பொருள், கூலி, மற்ற செலவு என்ன, எந்தக் கடைக்கும் எந்த விற்பனைப் பிரிவுக்கும் எவ்வளவு மதிப்புக்குச் சரக்குப் போனது என்று கணக்கிடும் வேலை. ஸ்டாண்டர்ட் காஸ்டிங் பாடத்தில் நாம் மார்க்குக்காகப் போட்ட கணக்கேதான். 1951 நவம்பர் கடைசியில் இந்த வேலை லியோவில் வாராவாரம் ஓட ஆரம்பித்தது. உலகில் கம்ப்யூட்டரில் வழக்கமாக ஓடிய முதல் வியாபாரக் கணக்கு என்று வரலாற்றில் இதைத்தான் குறிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு 1954-ல் சம்பளம். தேர்ந்த குமாஸ்தா ஒருவருக்கு ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிஷம் என்றால், லியோவுக்கு ஒன்றரை வினாடி. இந்த வேகத்தைப் பார்த்து வெளிக் கம்பெனிகளும் வேலை கொண்டு வந்தன. ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கே பேக்கரிக்காரர்கள் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் உணவுத் தயாரிப்பு என்ற கோணத்தில் பார்த்தால் என் மனசுக்குப் பிடித்தது சம்பளம் இல்லை, 1954 அக்டோபரில் தொடங்கிய டீக்கடை ஆர்டர் வேலை. அதுவரை ஒவ்வொரு கடை மேனேஜரம்மாவும் நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று முழுப் பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும். நூற்றுக்கணக்கில் அயிட்டங்கள். புது ஏற்பாட்டில், ஒவ்வொரு கடைக்கும் கிழமை வாரியாக ஒரு வழக்கமான ஆர்டர் முன்கூட்டியே யந்திரத்துக்குத் தெரியும். மேனேஜரம்மா போனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். மழை மாதிரி இருக்கிறது, ஐஸ்கிரீம் குறை. பக்கத்தில் ஏதோ கூட்டம் நடக்கிறது, பன் கூட்டு. மறுமுனையில் ஹெட்போன் மாட்டிய பெண் அதைக் கேட்டபடியே கார்டில் பஞ்ச் செய்வார். லியோ அதை வாங்கிக்கொண்டு எந்த வண்டியில் எந்தக் கடைக்கு எவ்வளவு ஏற்றுவது, மொத்தமாக எவ்வளவு தயாரிப்பது, பில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தரும். ராத்திரி சுடப்படும் கேக்கின் எண்ணிக்கையை யந்திரம் சொல்கிறது! இன்று "டிமாண்ட் ஃபோர்காஸ்டிங்" என்று கோட்டு போட்டவர்கள் விற்பதற்கு இதுதான் பாட்டன். ஒரு வித்தியாசம் உண்டு. மழை வரும் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னது மேனேஜரம்மா. யந்திரம் அவரிடம் கேட்டது. இன்றைய மென்பொருள்கள் அவரிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன.

இந்த ஏற்பாட்டையெல்லாம் எழுதி வடிவமைத்ததில் தலையானவர் டேவிட் காமினர். 1936-ல் லையன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர், போரில் ஒரு காலை இழந்தவர். ஒரு வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் முன் அந்த வேலையைக் கடைசி விதிவிலக்கு வரை எழுதிப் பார், செய்கிறவனோடு உட்கார்ந்து கேள் என்ற பழக்கத்தை உண்டாக்கியவர். இன்று சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று விசா வாங்கிப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வகையில் ஆதிகுரு. புரோகிராம் எழுதியவர்களிலும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாரும் இல்லை, அப்போது அப்படி ஒரு படிப்பே இல்லையே. மேரி கூம்ப்ஸ் பிரெஞ்சும் சரித்திரமும் படித்தவர். லையன்ஸ் ஐஸ்கிரீம் விற்பனைப் பிரிவில் புள்ளிவிவர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1952-ல் கம்பெனி நடத்திய கம்ப்யூட்டர் தேர்வில் தேறி, வியாபார புரோகிராம் எழுதிய முதல் பெண்களில் ஒருவரானார். ஃபிராங்க் லேண்ட் ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த அகதி. பொருளாதாரம் படித்துவிட்டு லையன்ஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், பின்னால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர். ஊர் விட்டு ஊர் வந்து குமாஸ்தா வேலையில் தொடங்கியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால் இந்தப் பெயரை நான் மறப்பதில்லை.

லியோ பார்த்த வேலைகளில் டீத்தூள் இருப்பும் கலவைக் கணக்கும் உண்டு. ஏலத்தில் வாங்கிய பெட்டிகள் எந்தக் கலவைக்குப் போகிறது என்று யந்திரம் பின்தொடரும். அந்தக் காலத்து லண்டன் டீயில் இந்தியத் தேயிலையும் சிலோன் தேயிலையும் இல்லாமல் இருக்காது. அதே வருஷங்களில் சிலோன் மலைத்தோட்டத்தில் நம் ஜனங்கள் கொழுந்து கிள்ளிக் கொண்டு வந்து நிறுக்கும்போது, கணக்கு செக்ரோல் என்ற பதிவேட்டில்தான். நாளைக்கான எடை வந்தால் "பேர்", குறைந்தால் "அரைப்பேர்". ஹாமர்ஸ்மித்தில் பாதரசக் குழாய், நுவரெலியாவில் தராசும் பென்சிலும். ஒரே டீத்தூளின் இரண்டு முனைகள்.

சரி, வேலை போயிற்றா இல்லையா? இதுதானே நம் எல்லாருடைய கேள்வி. லையன்ஸில் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அதற்குக் கம்பெனியின் நல்ல மனசு மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். போருக்குப் பிந்தைய லண்டனில் எழுத்து வேலைக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கல்யாணம் ஆனதும் பெண்கள் வேலையை விட்டுப் போவது வழக்கம். போன இடத்தில் புது ஆள் எடுக்காமல் விட்டாலே போதுமானதாக இருந்தது.

இங்கே நிலைமை வேறு. 1960-களின் நடுவில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டர் வைக்கப் போகிறது என்றதும் ஊழியர்கள் அந்தக் கட்டடத்தையே ராப்பகலாகக் காவல் காத்தார்கள். வங்கிகளில் 1983-ல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் யந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. அதற்குப் பாதை போட்ட 1984-ம் ஆண்டு அறிக்கை, நம் அரியலூர் மாவட்டத்துக்காரர் சி. ரங்கராஜன் தலைமையிலான கமிட்டியுடையது. அன்று எதிர்த்தவர்களை இன்று கேலி பேசுவது சுலபம். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை லண்டன் குமாஸ்தாவுக்கு இருந்த அளவு கல்கத்தா குமாஸ்தாவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

லியோ கணக்குப் பார்த்தது. கேக்கை அதனால் பார்க்கவோ தொடவோ முடியாது. பார்க்கும் கண் வேறு வழியில், அதே லண்டனில், 1947-ல் தொடங்கிய சார்டெக்ஸ் கம்பெனி மூலம் வந்தது. விதைகளில் நிறம் மாறியதைப் பிரிக்கும் யந்திரம். உங்கள் வீட்டு அரிசி மூட்டையில் "சார்டெக்ஸ்" என்று அச்சடித்திருப்பார்களே, அது அரிசி ரகத்தின் பெயர் இல்லை, இந்த யந்திரத்தின் பெயர். கம்பெனி பின்னால் சுவிட்சர்லாந்தின் பூலர் குழுமத்துக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நம் மளிகைக்கடையில் பொதுப்பெயராக நின்றுவிட்டது. அரிசி சரிவான தடத்தில் மணி மணியாக வழிந்து விழும். விழும்போது முன்னும் பின்னும் வெளிச்சம் பாய்ச்சிக் கேமரா பார்க்கும். கருப்பு, பழுப்பு, கண்ணாடித் துண்டு எதுவாக இருந்தாலும், அந்த மணி கீழே வரும் கணத்தில் ஒரு காற்று ஊசி "ப்ஸ்" என்று அதை மட்டும் தள்ளிவிடும்.

கை வந்தது சாக்லேட்டிலிருந்து. 1980-களின் தொடக்கத்தில் லோசான் நகரப் பொறியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சாக்லேட் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார்கள். பெட்டிக்குள் ஒவ்வொரு சாக்லேட்டாக எடுத்து வைப்பது கை வேலை. நாள் முழுக்க அதே. அங்கே பிறந்த யோசனையை ரேமண்ட் கிளாவெல் 1985-வாக்கில் டெல்டா ரோபோவாக்கினார். சாதாரண ரோபோ கையில் ஒவ்வொரு மூட்டிலும் மோட்டார் இருக்கும், கை கனக்கும். கிளாவெல் மோட்டார்களையெல்லாம் மேலே கூரையில் நிறுத்திவிட்டு, மெல்லிய குச்சிகள் மட்டும் சிலந்திக் கால் மாதிரி கீழே தொங்கும்படி செய்தார். கனம் இல்லாததால் அசுர வேகம். 1990-களின் கடைசியில் ஏபிபி கம்பெனி ஃபிளெக்ஸ்பிக்கர் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் எடுத்து வைக்கும். பிஸ்கெட், சாக்லேட் அடுக்கும் வீடியோக்களில் மேலிருந்து தொங்கிக்கொண்டு கொத்துகிற கைகளைப் பார்த்திருப்பீர்கள், அவை இதன் வாரிசுகள்தான்.

நான் இப்போது இருப்பது ராய்ப்பூரில். சத்தீஸ்கர் நெல் விளையும் பூமி, திரும்பிய பக்கமெல்லாம் அரிசி ஆலை. ஆகவே என் மேஜைக்குக் கலர் சார்ட்டர் வாங்கக் கடன் கேட்டு மனுக்கள் வரும். கொஞ்ச வருஷமாகக் கொட்டேஷனில் "ஏஐ" என்ற எழுத்து கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, விலையும் சேர்ந்தே ஏறியிருக்கிறது. என்ன வித்தியாசம் என்று சப்ளையர் ஆட்களைத் துருவிக் கேட்டதில் புரிந்தது இதுதான். பழைய யந்திரத்துக்கு ஆபரேட்டர் எல்லை வைப்பார், இந்த நிறத்துக்குக் கீழே போனால் தள்ளு என்று. புதிதில் நல்ல அரிசி, கெட்ட அரிசிப் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்குகிறார்கள். நிறம் மட்டுமில்லாமல் வடிவம், வெடிப்பு, வயிற்று வெள்ளை எல்லாம் கலந்து அதுவே முடிவு செய்கிறது. நல்ல யந்திரம், சந்தேகமில்லை. ஆனால் இந்த லாட் எந்த ரகம், ஈரப்பதம் எவ்வளவு, கழிவில் நல்ல அரிசி எவ்வளவு போயிற்று என்று நோட்டு வைத்திருக்கும் ஆலைக்குத்தான் அதன் முழுப் பலன் கிடைக்கிறது. நோட்டு இல்லாதவர் கடைசியில் எல்லையை இறுக்கி வைத்து, நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுகிறார். காமினர் இருந்தால் முதலில் நோட்டைத்தான் கேட்டிருப்பார்.

இங்கே ஆலைகளில் முன்பெல்லாம் முறம் (எங்கள் நெல்லைப் பக்கம் சுளகு, இங்கே சூப்பா) வைத்துப் புடைத்து, கருப்பரிசி பொறுக்கியவர்கள் பெண்கள். ரேஜா என்பார்கள், கூலிப்பெண் என்று அர்த்தம். அவர்களுக்கு லையன்ஸ் பெண்களைப் போல வேறு மேஜை கிடையாது. நான் போய்ப் பார்க்கும் ஆலைகளில் ஒரு சிலர் மூட்டை தைக்கும் இடத்துக்கும் பாக்கெட் போடும் இடத்துக்கும் மாறியிருக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்றால் முதலாளிகள் "கிராமத்துக்குப் போய்விட்டார்கள் சார்" என்கிறார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் கூலிச் செலவு குறைந்திருப்பது லாபத்தில் தெரியும், கடனைத் திருப்பும் சக்தி கூடியிருப்பதும் தெரியும். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும், போடுகிறேன். யந்திரம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கல்லும் கருப்பும் கலந்த அரிசிக்கு இன்று சந்தை இல்லை, ஆலையே மூடினால் மூட்டை தைக்கிற வேலையும் போகும். ஆனால் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு உள்ளேயே வேறு வேலை என்று நேரில் போகும்போது வாய்விட்டுக் கேட்கிறேன். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ரிமார்க்ஸில் எழுதிவிடுகிறேன். கேட்டதற்காகவே இரண்டு மூன்று பேரைப் பேக்கிங்குக்கு மாற்றிய முதலாளிகளும் உண்டு. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்று சிரித்தவர்களும் உண்டு.

லியோவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1954-ல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனியே தொடங்கி மற்றவர்களுக்கும் கட்டி விற்றார்கள். யந்திரம் நல்ல யந்திரம், ஆனால் ஐபிஎம் போன்ற யானைகளோடு மோதும் அளவுக்குப் பேக்கரிக்காரரிடம் முதல் இல்லை. 1963-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தது, அது 1968-ல் ஐ.சி.எல்.லில் கரைந்தது. முதல் லியோவை 1965-லேயே நிறுத்திவிட்டார்கள். அதன் வாரிசான லியோ 3 யந்திரங்கள் பிரிட்டிஷ் தபால் துறையில் டெலிபோன் பில் போட்டுக்கொண்டு 1981 வரை ஓடின. லையன்ஸோ வெளிநாட்டுக் கரன்சியில் கடன் வாங்கிக் கம்பெனிகளாக வாங்கிக் குவித்தது, பவுண்ட் சரிந்ததும் அந்தக் கடனே கழுத்தைப் பிடித்தது. 1978-ல் அலைட் ப்ரூவரீஸ் என்ற பீர் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு பன்னின் அடக்கவிலையையும் வாராவாரம் துல்லியமாக அறிந்த கம்பெனி, அந்நியச் செலாவணி ரிஸ்க்கில் விழுந்தது.

பி.கு: மேரி கூம்ப்ஸ் 2022-ல் காலமானார். காமினர் 2008-ல். லியோவில் வேலை செய்தவர்கள் ஒரு சங்கமாகவே சேர்ந்து பழைய நினைவுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் கணக்குப் பதிவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், காஸ்டிங் பாடம் கொஞ்சம் இனிக்கும்.